ஹோம் கேட்டு வருகிறவர்கள்

மே 19, 2025, திங்கள்

தேர்வு முடிந்த மறுவாரமே தொடர் களப்பணி. கூடப் படித்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரி, பனியன் கம்பெனிகளின் மனிதவளப் பிரிவு என்று பிரிந்து போக, எனக்கு வாய்த்தது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. சமூகப்பணியாளருக்கு உதவியாள் என்று கடிதத்தில் இருக்கிறது. என்ன உதவி என்று அதில் இல்லை.

பாதுகாப்பு அலுவலர் மேடம் முதலில் பேசியது வேலையைப் பற்றி அல்ல, எழுதுவதைப் பற்றி. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74. குழந்தையை அடையாளம் காட்டும் பெயர், முகவரி, பள்ளி எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு என்றேன். "எழுதிக்கோங்க. பேரும் வேண்டாம், ஊரும் வேண்டாம்" என்றார். அதனால் இந்த நோட்டில் யாருக்கும் பெயர் கிடையாது. பனியன் தைக்கிற ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பதினொரு மணிக்குள் வராந்தாவில் ஏழெட்டுப் பெண்கள். மடியில் மஞ்சள் பை, அதற்குள் டி.சி. ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, ஆதார். பள்ளி திறக்க இன்னும் இரண்டு வாரம்தான். எல்லோருக்கும் ஒரே விண்ணப்பம்: "ஹோம்ல ஒரு சீட்டு போட்டுக் குடுங்க."

குழந்தைகள் பாதுகாப்பு என்றால் நாம் தேடிப் போய் மீட்கிற வேலை என்று நினைத்திருந்தேன். இங்கே பெற்றவர்களே கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். புறத்தொடர்புப் பணியாளர் அக்கா ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, "இது ஸ்கூல் அட்மிஷன் இல்லைங்க்கா. ஏன் அனுப்போணும்னு நெனைக்கறீங்க, அதச் சொல்லுங்க" என்று ஆரம்பிக்கிறார். ஒருவருக்கும் அரை மணிக்குக் குறையவில்லை.

மே 21, புதன்

குழந்தைகள் நலக் குழு அமர்வு. தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டது. மாதத்துக்கு இருபது நாளாவது கூட வேண்டும் என்பது சட்டம். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. ஆனால் மேடை கிடையாது, கூண்டு கிடையாது. விதியே அப்படி. குழந்தைக்கும் குழுவுக்கும் நடுவில் தடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. சாதாரண மேசை, பிளாஸ்டிக் நாற்காலி.

ரயில்வே போலீஸ் கொண்டுவந்த பையன் ஒருவன். பீகார். 1098 மூலம் தகவல். மீட்கப்பட்ட பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்தியாக வேண்டும், நிறுத்திவிட்டார்கள். வயது பதினெட்டு என்று அடித்துச் சொல்கிறான். ஆதாரைக் காட்டுகிறான். பிறந்த தேதி ஜனவரி 1. தலைவர் சிரித்துவிட்டார்: "வர்றவங்க பாதிப் பேருக்கு அன்னிக்குத்தான் பொறந்த நாள்." பிரிவு 94 சொல்கிற வரிசை வேறு. முதலில் பள்ளிச் சான்று, இல்லாவிட்டால் உள்ளாட்சி கொடுத்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை.

அக்கா அவனோடு ஹிந்தியில் பேசினார். ரயில்வே ஸ்டேஷன் உதவி மையத்தில் பல வருஷம் நின்று கற்ற ஹிந்தி. இலக்கணம் நம் ஊர், சொல் அவன் ஊர். அவன் முகம் இளகியது அந்தப் பேச்சுக்குத்தான். எந்தப் பள்ளி என்பது வெளியே வந்துவிட்டது. தற்காலிகமாக இல்லத்தில் தங்கவைக்க உத்தரவு.

மே 23, வெள்ளி

முதல் வீட்டு விசாரணை. அக்காவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். திங்கட்கிழமை வந்த பெண்களில் ஒருவர்; மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. புருஷன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. செத்துப்போகவில்லை, போய்விட்டான்.

லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் பத்துக் கதவு; கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை. அந்த அம்மாவுக்குக் கம்பெனியில் கைமடி வேலை. தையல்காரர் பக்கத்தில் நின்று துணியை மடித்துக் கொடுப்பது. ஒன்றரை ஷிஃப்ட்: காலை எட்டரை முதல் ராத்திரி எட்டரை. வீட்டுக்கு வர ஒன்பதே கால்.

என் கையில் படிவம் 22, சமூக விசாரணை அறிக்கை. பக்கம் பக்கமாகக் கட்டங்கள். குடும்பத்தின் மத ஈடுபாடு, ஒழுக்கநெறி, குழந்தையின் நல்ல பழக்கம், கெட்ட பழக்கம். தொலைக்காட்சி பார்க்குமா, புத்தகம் படிக்குமா, டிக் அடிக்கலாம். நான் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போக, அந்த அம்மாவும் வரிசையாகப் பதில் சொன்னார், பரீட்சை எழுதுகிறவர் மாதிரி. அக்கா குறுக்கே வந்தார்: "நாலரைக்குப் பிள்ளைங்க வந்துருமில்லைங்க. நீங்க வர்ற வரைக்கும் என்ன பண்ணும்?"

அதற்குப் பிறகு அந்த அம்மா பேசியது எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை. "சோத்துக்கு வழியில்லாம ஒண்ணும் கேக்கலீங்க சார். சோறு நான் போட்டுருவேன். ஆறு மணிக்கு மேல இந்த லைன்ல பாருங்க. தண்ணியப் போட்டுட்டு வந்து வாசல்ல உக்காந்துக்குவாங்க. இவ கக்கூஸ் போகோணும்னா அவங்களத் தாண்டிப் போகோணும். அதுக்குத் தாப்பா இல்ல. இவ தண்ணியே குடிக்கறதில்லைங்க சார், சாயந்திரமானா."

வயிற்றுப் பாட்டுக்காகக் கேட்கிறார்கள் என்றுதான் கோப்புகளில் எழுதியிருக்கிறது. "வறுமை காரணமாக" என்பது கிட்டத்தட்ட ரப்பர் ஸ்டாம்ப். இந்தப் பெண் கேட்பது நாலரை முதல் ஒன்பதே கால் வரைக்குமான ஓர் இடம்.

மே 24, சனி

பாதுகாப்பு அலுவலரோடு நீண்ட பேச்சு. வகுப்பில் மனப்பாடம் செய்தது என்னிடம் தயாராக இருந்தது: இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி, பிரிவு 3-இல் அதுவும் ஒரு கோட்பாடு, வறுமை மட்டுமே குழந்தையைப் பிரிக்கக் காரணமாகாது. அவர் மறுக்கவில்லை. "அந்த அம்மாகிட்ட அதைச் சொல்லிப் பாருங்க" என்றார்.

எனக்கு ஒரு விஷயம் இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. நம் ஊரில் இல்லம் என்பது ஏழைகள் கண்ணில் அவமானமான இடம் அல்ல. மிஷன் போர்டிங்கில் படித்து வாத்தியார் ஆன தாத்தாக்கள் எத்தனையோ குடும்பத்தில் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியதிலிருந்து, பெண் பிள்ளையைப் பத்திரமாக வைத்துப் படிக்கவைக்கிற இடம் என்ற பெயர் அதற்கு இருக்கிறது. சட்டமும் இங்கே பழசு; குழந்தைகளுக்கென்று இந்தியாவில் முதலில் தனிச் சட்டம் போட்ட மாகாணம் சென்னை, 1920-இல். நூறு வருஷமாக இல்லத்தை நல்ல இடம் என்று சொல்லிவிட்டு, இப்போது கடைசி வழி என்கிறோம். இரண்டுமே நியாயம்தான். வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு முதலாவது மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மாற்று வழி என்று மேடம் காட்டியது நிதி ஆதரவு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், குழந்தை வீட்டிலேயே இருந்து படிப்பதற்கு. விதவை, விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் பிள்ளைகள் தகுதி உள்ளவர்கள். கலெக்டர் தலைமையிலான குழு ஒப்புதல் தர வேண்டும்.

கைவிடப்பட்டவர் என்பதற்குத் தாசில்தார் சான்று வேண்டும். இ-சேவையில் போட்டால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு படியாக ஏறும். இப்போது ஜமாபந்தி நேரம். ஒருவரும் இருக்கையில் இல்லை.

மே 27, செவ்வாய்

வைகாசி முகூர்த்தக் காலம். காலையிலேயே 1098-இலிருந்து தகவல், குழந்தைத் திருமணம். மாவட்ட சமூகநல அலுவலகத்திலிருந்து ஆள் வர, போலீஸ், நாங்கள் என்று ஒரு ஜீப் நிறைய. பெண்ணுக்குப் பதினேழு முடிந்து சில மாதம். பந்தல் போட்டாகிவிட்டது. அப்பா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழுதார், பத்திரிகை அடித்துவிட்டோமே என்று. கோபப்பட்டது தாய்மாமன். 2006-ஆம் வருஷச் சட்டத்தில் நடத்திவைப்பவருக்கு இரண்டு வருஷம் வரை சிறை உண்டு என்று எஸ்.ஐ. சொன்னதும் சமையல்காரர்தான் முதலில் பாத்திரத்தை எடுத்து வைத்தார். எழுதி வாங்கிக்கொண்டு பெண்ணைக் குழு முன் கொண்டுபோனோம்.

ஜீப்பில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: துணைத் தேர்வுக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி தெரியுமா. போனில் பார்த்துச் சொன்னேன்.

மே 29, வியாழன்

பீகார் பையனின் பள்ளித் தலைமையாசிரியர் சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். பதினைந்து வயது. சட்டப்படி இது சிக்கலான வயது. பதினான்கு நிறையாதவரை கம்பெனி வேலைக்கு வைப்பதே குற்றம்; 2016 திருத்தத்துக்குப் பிறகு பதினான்கு முதல் பதினெட்டு வரை அபாயகரமான தொழிலுக்கு மட்டும் தடை. பனியன் கம்பெனியில் துணி அடுக்குவது அதில் வராது என்று வாதிடலாம். கூட்டி வந்தவன் கூலியைப் பிடித்து வைத்திருந்தால் அது வேறு பிரிவு.

அம்மாவோடு பேச வைத்தோம். ஸ்பீக்கரில். அவன் அழவில்லை, அந்த அம்மா அழவில்லை. அக்கா மொழிபெயர்த்தார்: "அங்கேயே ஏதாவது வேலை போட்டுக் கொடுங்கன்னு சொல்றாங்க. இவன் அனுப்பற பணம்தான் தங்கச்சி ஸ்கூலுக்கு."

குழு அவன் சொந்த மாவட்டத்துக் குழுவுக்கு எழுதும். அங்கே வீட்டு விசாரணை நடக்கும். பிறகு துணைக்கு ஆள் போட்டு ரயில் ஏற்றுவார்கள். அவன் சாயந்திரம் இல்லத்துப் பையன்களோடு கபடி ஆடினான். தொடையைத் தட்டிக்கொண்டு வருகிற விதம் எங்கேயும் ஒன்றுதான்.

மே 30, வெள்ளி

லைன் வீட்டுச் சிறுமியிடம் பேசும் நாள். பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆற்றுப்படுத்துநர் மேடம் தரையில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார். நான் ஓரமாக.

படம் வரையச் சொன்னார். வீடு வரைந்தாள், அதற்குள் தம்பியை வரைந்தாள், அம்மாவைச் சாலையில் வரைந்தாள். இதற்கு ஆயிரம் விளக்கம் சொல்லலாம் என்று நான் மனசுக்குள் குதிக்க, மேடம் சாதாரணமாகக் கேட்டார்: "அம்மா எங்க போறாங்க?" "வேலைக்கு." அவ்வளவுதான்.

அம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று அவள் சொல்லுவாள், அதை அறிக்கையில் எழுதலாம் என்று இருந்தேன். அவள் கேட்டாள்: "அங்க பாத்ரூம் உள்ள தாப்பா இருக்குங்களா?" இருக்கும் என்றார் மேடம். "அப்ப போறேன்." கொஞ்சம் யோசித்து, "சனி ஞாயிறு தம்பியப் பாக்க உடுவாங்களா?"

மேடம் அதற்கு உடனே பதில் சொல்லவில்லை. இல்லத்தில் குழு உத்தரவுப்படி சேர்த்துவிட்டால், நினைத்த நேரத்தில் அம்மா வந்து கூட்டிப்போக முடியாது. ஒவ்வொன்றுக்கும் அனுமதி வேண்டும். அதைப் பதினொரு வயசுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்டாள்.

இன்னொன்றும் தெரிந்தது. போன வருஷம் வரை அவள் தொடக்கப் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவு சாப்பிட்டாள். ஐந்தாவதோடு அது முடிந்தது. ஆறாவதில் மதியச் சத்துணவு உண்டு, காலையில் இல்லை. அம்மா ஏழே முக்காலுக்கே கிளம்பிவிடுவார். தம்பிக்கு மட்டும் இனி பள்ளியில் உப்புமா.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. வராந்தா காலி. சீட்டுக் கிடைக்காதவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். "தனியார் இல்லம் எதையாச்சும் தேடிப் போயிருப்பாங்க. பதிவு இருக்கான்னு அவங்க பாக்கமாட்டாங்க, நாமதான் பாக்கோணும்" என்றார் அக்கா. மத்தியானமே பாதுகாப்பு அலுவலர் மேடத்தோடு அப்படி ஓர் இடத்துக்கு ஆய்வுக்குப் போக வேண்டியிருந்தது. பதிவேட்டில் இருபது பிள்ளைகள், சாப்பாட்டுக் கூடத்தில் அதற்கு மேல் தட்டுகள். தட்டை எண்ணும் யுக்தியை யாரும் பாடத்தில் சொல்லித் தரவில்லை.

ஜூன் 4, புதன்

சிறுமியின் விஷயத்தில் அக்கா ஒரு வழி கொண்டுவந்தார். பிற்படுத்தப்பட்டோர் நல மாணவியர் விடுதி. அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதே பள்ளியில் ஆறாவது. வீட்டுக்கும் பள்ளிக்கும் எட்டுக் கிலோமீட்டராவது தூரம் இருக்க வேண்டும் என்பது பையன்களுக்கு மட்டும்தான், பெண் பிள்ளைகளுக்கு அந்த விதி இல்லை. விடுமுறைக்கு வீட்டுக்கு வரலாம். குழு உத்தரவு தேவையில்லை. பிள்ளை சட்டப்படி அம்மாவின் பொறுப்பில்தான். காலையில் இட்லியோ பொங்கலோ உண்டு. அக்கா காப்பாளினிக்குப் போன் போட்டு முதலில் விசாரித்தது கக்கூஸ் கதவைத்தான்.

தடை ஒன்று: சாதிச் சான்று. பிள்ளைக்கு இன்னும் எடுக்கவில்லை. அப்பா போகும்போது தன் சான்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அம்மாவின் அண்ணனுக்குச் சேலத்துப் பக்கம் ஆள் விட்டிருக்கிறோம்.

மாலையில் அறிக்கை எழுதினேன். படிவத்தில் "பரிந்துரை" என்ற இடம் சின்னது. கூடுதல் தாள் வைத்து எழுதினேன்: பிரிவு 2(14)-இல் சொல்லும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையாக இவளைக் கருத வேண்டியதில்லை, இல்லம் வேண்டாம், விடுதிச் சேர்க்கைக்குக் குழு பரிந்துரைக்கலாம், தம்பிக்கு நிதி ஆதரவு. மேடம் திருத்தாமல் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு மட்டும் ஒரு நெருடல். கணக்கில் இவள் குடும்பத்தோடு இருக்கிற குழந்தை. இல்லத்தில் சேர்ந்தவர்கள் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. ராத்திரி படுப்பதென்னவோ அம்மா பக்கத்தில் இல்லை. நாங்கள் செய்தது அவளுக்கு நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் குடும்பத்தைச் சேர்த்து வைத்தோம் என்று களப்பணி அறிக்கையில் எழுத எனக்குக் கை வராது.

ஜூன் 9, திங்கள்

குழு உத்தரவு வந்தது, நாங்கள் கேட்டபடி. தலைவர் அம்மாவிடம் நேராகக் கேட்டார்: "பையனுக்கு மாசம் நாலாயிரம் வந்தா, அரை ஷிஃப்ட்டை விட்டுட்டுச் சாயந்திரம் வீட்டுல இருப்பீங்களா?"

அந்த அம்மா மனக்கணக்கு போட்டார். முழு ஷிஃப்ட்டுக்கு நானூறு, அரைக்கு இருநூறு. மாசம் இருபத்தாறு நாள். அரை ஷிஃப்ட் மட்டும் 5,200. "ஆயிரத்து எரநூறு இடிக்குதுங்க. அதுகூடப் பரவாயில்லீங்க. ஒத்த ஷிஃப்ட்டுன்னா கம்பெனியில வேண்டாம்னுருவாங்களே. லைன்ல எல்லாரும் நிக்கறப்ப கைமடி மட்டும் எந்திரிச்சுப் போனா தையல் நின்னுரும்."

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கம்பெனி முதலாளியைக் குழு முன் வரச் சொல்ல எந்தப் பிரிவும் இல்லை. கலெக்டர் குழு எப்போது கூடும் என்பதும் தெரியாது. தலைவர், "தொடர் கண்காணிப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

ஜூன் 12, வியாழன்

குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு நாள். காலை கலெக்டர் அலுவலகத்தில் எல்லாத் துறையும் வரிசையாக நின்று உறுதிமொழி. வலது கையை நீட்டிக்கொண்டு நானும் சொன்னேன். பீகார் பையனுக்கு அவன் மாவட்டத்திலிருந்து பதில் வந்திருக்கிறது. அடுத்த வாரம் ரயில். கூட்டி வந்தவன் பாதிக் கூலியைக் கொடுத்திருக்கிறான், மீதிக்குத் தொழிலாளர் துறையில் மனு.

மத்தியானம் அந்த அம்மாவிடமிருந்து போன். குரலில் உற்சாகம். சாதிச் சான்று கிடைத்துவிட்டது, பிள்ளை திங்கட்கிழமை விடுதிக்குப் போகிறாள். அதோடு, கம்பெனி வேலையை விட்டுவிட்டாராம். பிசிர் வெட்டுகிற வேலையை மூட்டை மூட்டையாக வீட்டுக்கே எடுத்து வருகிறாராம், பீஸ் கணக்கு. "இனி பையன் தனியா இருக்க மாட்டான் சார். ஸ்கூல் விட்டு வந்தான்னா எம் பக்கத்துலயேதான். நேத்துக்கூட ஒரு கத்திரிய எடுத்து அவனா வெட்ட ஆரம்பிச்சுட்டான், கெட்டிக்காரன்."

2016 திருத்தத்தில், பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் பெற்றவர்களுக்கு உதவுவது குற்றமில்லை. கம்பெனி மூட்டை கட்டிக் கொடுத்தனுப்பும் வேலை குடும்பத் தொழில் ஆகுமா என்று அக்காவிடம் கேட்டேன். "ஆகாதுன்னு நானும் பேசலாம், ஆகும்னு அவங்க வக்கீலும் பேசலாம்" என்றார். "அவன் எத்தனை மணி வரைக்கும் வெட்டறான், எப்பப் படிக்கறான்னு நான் போய்ப் பாத்துக்கறேன். நீங்க அடுத்த விசிட் தேதியப் போடுங்க."

ஜூலை 8, செவ்வாய், மாலை ஆறு மணி என்று போட்டேன். நான் அப்போது இங்கே இருக்கமாட்டேன். அக்கா நேரத்தை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினார். ஆறு மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் விளையாடிக்கொண்டுதான் இருக்குமாம்.